நாற்பத்திரண்டு அடி

எங்கள் பெரியப்பா வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடுதல் நினைக்கிறவன் என்றால் அவன் வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம். நல்லது மட்டுமே நினைக்கிற மனிதரை என்ன செய்வது? நமக்கு எது நல்லது என்று நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்து, அதைச் செய்தும் முடித்து, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். நமக்கு விஷயம் தெரிய நாலைந்து வருடம் ஆகும்.

ரோடு போடும் வேலையில் மண்டோராக இருந்தார். ஒரு கூட்டம் ஆட்களை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குகிற உத்தியோகம். குட்டையான உருவம், காக்கி அரைக்கால் சட்டை, கணுக்காலில் தார் தெறித்த தழும்புகள், சட்டைப் பையில் சுருட்டிவைத்த அளவு நாடா. எதைக் கண்டாலும் அளப்பார். புது அலமாரி வந்தால் அளப்பார், தேக்கா சந்தையில் பாய் வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே விரித்துப் போட்டு அளப்பார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இறந்தபோது சவப்பெட்டியைக்கூட அளந்து பார்த்துவிட்டு, "சாய்ச்சு எடுங்க, இல்லாட்டி நெலையில இடிக்கும்" என்று மலாயில் சொல்லி உதவினார். அளவு என்றால் எங்கள் சந்தில் அவர்தான். அவர் அளந்ததை இன்னொருவர் அளந்து பார்ப்பது என்பது நடக்காத காரியம்.

சிங்கப்பூரில் ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பின்னால், ஃபேரர் பார்க் திடலுக்குப் போகிற ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட இரட்டை வீடு எங்களுடையது. ஒரு பாதியில் பெரியப்பா குடும்பம், மறு பாதியில் நாங்கள். கூடத்தில் பொதுவாக ஒரு சுவர்க்கடிகாரம். அது எப்போதும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகக் கூடாது என்று அவர்தான் திருப்பி வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் அவசர அவசரமாகச் சமைக்க, நாங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி, பூட்டிய பள்ளிக்கூட வாசலில் நின்றோம். கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று என் அம்மா சொன்னபோது, "அது கெட்டுப் போகல. ஒங்க நல்லதுக்குத்தான் அப்படி வச்சிருக்கேன்" என்றார். மாற்றி வைக்கவும் விடவில்லை.

இன்னொரு சமயம் எங்களுக்கு ரோஜாப்பூ நிறத்தில் ஜில்லென்று பண்டுங் என்கிற ரோஜாப்பால் கலந்து கொடுத்தார். பெரியப்பா கையால் பண்டுங் என்றால் அதிசயம் அல்லவா? பிள்ளைகள் எல்லாரும் கப் கப்பென்று குடித்தோம். அதில் விளக்கெண்ணெய். அன்று முழுக்கக் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்தோம். இன்றைக்கும் கடையில் பண்டுங்கைக் கண்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தார். பினாங்கில் ஒரு புது அச்சகம் தொடங்கியவர், அப்பாவைத் தலைமை ஆளாக வைத்துக்கொள்ள வீடு தேடி வந்திருக்கிறார். அப்பா அப்போது வேலையில். பெரியப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, "என் தம்பி வரமாட்டான், அவனுக்கு வெளியூர் தண்ணி ஒத்துக்காது" என்று அனுப்பிவிட்டார். எங்களுக்கு இது எப்போது தெரிந்தது என்றால், அந்தப் பினாங்குக்காரரே ஒரு கல்யாண வீட்டில் அப்பாவைப் பார்த்து, "இப்பவாவது ஒடம்பு தேவலையா?" என்று விசாரித்தபோதுதான். வீட்டுக்கு வந்து அப்பா கத்துவார், ஒரு தட்டாவது பறக்கும் என்று நான் காத்திருந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணன் எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வாரு" என்றார். எனக்கு அப்பாமேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

பெரியப்பாவுக்கு ஒரே பெண், சரோஜா அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். திடலில் மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் கயிறு கட்டி பேட்மிண்டன் ஆடுவார்கள். அக்காவும் நானும் போய் நிற்போம். ஒருநாள் யாரோ மட்டையைக் கொடுத்தார்கள். அக்கா கையில் மட்டை ஏறியதும் அந்தப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்படி ஒரு கை அது. எனக்குப் பத்து வருடம் பழகினாலும் வராது. சாயங்காலமானால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடலுக்கு ஓடிவிடுவாள்.

பெரியப்பா வேலையிலிருந்து சைக்கிளில் வரும்போது இதைப் பார்த்துவிட்டார். வேறு அப்பாவாக இருந்தால் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். இவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இறங்கிவிட்டார். வெளியே போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போகவே தேவையில்லாமல் செய்தார்.

அந்த உழைப்பைக் குறை சொல்ல என் நாக்கு கூசுகிறது. லாலாங் புல்லை வேரோடு பிடுங்கினார். முழங்கால் ஆழம் தோண்டி உடைகல் பரப்பி, அதன்மேல் செம்மண்ணைச் சலித்துச் சலித்துக் கொட்டினார். பாசி பிடிக்காமல் இருக்கக் கல்லுப்பு கலந்தார். எண்ணெய்ப் பீப்பாய்க்குள் சிமெண்டை ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகி, தானே ஒரு உருளை செய்தார். அவரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மாடு மாதிரி இழுப்பார்கள். தரை இறுகியதும், சிராங்கூன் சாலைப் பால்காரர் தொழுவத்திலிருந்து சாணி வாங்கி வந்து, கரைத்து, குந்தி உட்கார்ந்து கையாலேயே மெழுகினார். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. சாணி காய்ந்தால் வெறும் காலுக்கு அவ்வளவு சுகமாக இருக்கும். அரிசிக் கடைகளில் சாக்கு வாங்கித் தைத்துக் காற்றுக்குத் தடுப்புக் கட்டினார். சுண்ணாம்பில் கஞ்சித் தண்ணீர் கலந்து கோடு போட்டார். திருஷ்டிக்கு வலைக் கம்பத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. சிங்கப்பூரிலேயே எலுமிச்சம்பழம் கட்டிய பேட்மிண்டன் கோர்ட் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அளந்து முளையடித்த அன்று மட்டும் எங்களை அண்ட விடவில்லை. காலையில் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, ஈசான மூலையில் தேங்காய் உடைத்துவிட்டு, தனி ஆளாக நாடாவைப் பிடித்து அளந்தார். நாங்கள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம்.

அதற்குப் பிறகு அது கோர்ட்டா கோயிலா என்றே சந்தேகம் வரும். குழாயடியில் கால் கழுவாமல் யாரும் ஏறக் கூடாது. செருப்பு, சப்பாத்து எதுவும் ஆகாது. அக்காவும் நானும் வீட்டுக்குத் தூரமாக இருக்கிற நாட்களில் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. மழை விட்டதோ இல்லையோ, சாக்கை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிவார். வெள்ளிக்கிழமைதோறும் மெழுகல், புதுக் கோடு. அக்கா ஆடும்போது ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்து வெளியே விழுந்தால், "வெளிய!" என்று அவர் போடும் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்கும்.

அந்தக் கோர்ட்டில் அக்காவை ஜெயிக்க ஆள் கிடையாது. பக்கத்துத் தெருப் பெண்கள், வேலை முடிந்து வரும் குமாஸ்தாக்கள், எல்லாரும் வந்து தோற்றுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஆழத்தில் வருகிற பந்தை அவள் பார்க்கிற அழகே தனி. கழுத்தை லேசாகத் திருப்புவாள், மட்டையைத் தாழ்த்திவிடுவாள். பந்து கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை தள்ளி விழும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவள் பாதத்துக்கு அந்தக் கோடு அத்தனை பழக்கம்.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஆட வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாக ஆடுகிறவர். ஆடி முடித்துத் துண்டால் துடைத்துக்கொண்டு, "கோர்ட் கொஞ்சம் சின்னனாக் கிடக்கே, ஐயா" என்றார். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"நான் ரோடு அளக்கிறவன். எனக்கே நீங்க அளவு சொல்றீங்களா?"

"இல்லை, நான் சும்மா..."

"காப்பி ஆறுது, குடிங்க."

அந்த வாத்தியாரை மறுபடி எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. நாங்களும் அவரை ஒரு பொறாமைக்காரர் என்று முடிவு கட்டிவிட்டோம்.

சுயாட்சி வந்த புதிதில், பெண்களுக்கான போட்டி ஒன்று அறிவித்தார்கள். அதில் அரையிறுதியில் ஜெயிக்கிறவர்களைச் சிங்கப்பூர் குழுவில் சேர்த்துப் பினாங்குக்கு ரயிலில் அழைத்துப் போவார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சிரம்பானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து காத்துக்கொண்டிருந்தது. போட்டிக்கு விடுவாரோ மாட்டாரோ என்று அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பெரியப்பாவே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போய் ஆடு. குழுவுல சேத்துக்கிட்டா பினாங்குக்கு அனுப்புறேன். கல்யாணப் பேச்சை ரெண்டு வருஷம் தள்ளி வச்சுக்கலாம். சேக்கலன்னா சிரம்பான்காரங்களை வரச் சொல்லிருவேன். சம்மதமா?"

"சம்மதம்பா" என்றாள் அக்கா. அவள் தோற்பாள் என்று எங்கள் வீட்டில் யாருமே நினைக்கவில்லை. அன்று இரண்டு வீட்டிலும் கேசரி கிண்டினார்கள்.

கேலாங் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் போட்டி. மரத் தரை, தலைக்கு மேலே வரிசையாக விளக்குகள். அக்கா அதுவரை வீட்டுக் கோர்ட்டைத் தவிர வேறு கோர்ட்டில் கால் வைத்ததில்லை. புதுக் கேன்வாஸ் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோர்ட்டு பெருசா இருக்குடி."

"மண்டபம் பெருசுக்கா. அதான் அப்படித் தெரியுது."

முதல் இரண்டு ஆட்டமும் சுலபமாக முடிந்தன. எதிரே வந்தவர்களுக்கு ஆழத்தில் தூக்கி அடிக்கத் தெம்பில்லை. அரையிறுதியில் காத்தோங்கிலிருந்து ஒரு சீனப் பெண் வந்தாள். ஒல்லி, கண்ணாடி போட்டவள், அவசரமே இல்லாமல் ஆடினாள். ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அக்கா அண்ணாந்து பார்த்தாள், கழுத்தை லேசாகத் திருப்பினாள், மட்டையைத் தாழ்த்தினாள். பந்து விழுந்தது. கோட்டருகே உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி, உள்ளே என்று காட்டினார்.

அக்கா அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். அடுத்தது வந்தது, விட்டாள், அதுவும் உள்ளே. மூன்றாவதும் உள்ளே. கண்ணாடிக்காரிக்குப் புரிந்துவிட்டது. எல்லாப் பந்தையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டாள். அக்கா பயந்துபோய், வருகிறதையெல்லாம் பின்னாலேயே ஓடி ஓடி எடுக்க ஆரம்பித்தாள். வெளியே போகிற பந்தையும் எடுத்தாள். அவள் திருப்பித் தூக்கியடித்ததெல்லாம் கோட்டுக்கு முன்னாலேயே இறங்கியது, அந்தப் பெண் அதை நின்ற இடத்திலேயே அடித்து நொறுக்கினாள். கூட்டத்தில் யாரோ, "பொம்பளைக்குக் கண்ணு தெரியலயா, என்னா லா இது!" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. பெரியப்பா என் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அக்கா நின்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அழவில்லை. "எனக்கு என்னமோ ஆயிருச்சுடி. பந்து எங்க விழுதுன்னே தெரியல" என்று மட்டும் என் காதில் சொன்னாள். தன் கண்ணையும் கையையும் அவள் சந்தேகப்பட்ட அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

சிரம்பான்காரர்கள் அடுத்த மாதமே பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆனதும் பெரியப்பா மாப்பிள்ளையின் அப்பாவைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் கோர்ட்டைக் காட்டினார். அக்கா பட்டுப் புடவையோடு காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கூட நானும் போனேன்.

"பிரமாதமா வச்சிருக்கீங்க. சரியான அளவுதானுங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா பேச்சுக்குத்தான் கேட்டார்.

பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "விதிப்படி நாப்பத்தி நாலு அடிங்க. வெள்ளைக்காரன் அளவு. அவனுக்கு மனையடிக் கணக்கு தெரியுமா? குடியிருக்கிற மனையில நாப்பத்தி நாலு வந்தா கண்ணு போயிரும். நாப்பத்தி ரெண்டு லட்சுமி அளவு. அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடியைக் குறைச்சிட்டேன். இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது!"

அக்கா தட்டைப் படியில் வைத்தாள்.

"ஒரு அடியாப்பா?"

"ஒரே அடிதாம்மா."

"அங்க நான் விட்டதெல்லாம் அந்த ஒரு அடியிலதாம்பா விழுந்துச்சு."

"தெரியும்மா" என்றார் பெரியப்பா சாதாரணமாக. "மொதப் பந்தை நீ விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு என்னா செய்றது? ஆட்டம் பெருசா, கண்ணு பெருசா?"

"அங்கயும் நாப்பத்தி நாலு அடியிலதான ஆடினேன்? கண்ணு போயிருச்சா?"

"அது நம்ம மனை இல்லியேம்மா. அங்கயா நாம குடியிருக்கோம்?"

"ஏம்பா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வேற கோர்ட்டு தேடிப் போயிருப்பே."

அக்கா, "சொல்லியிருந்தா ஒரு அடி தள்ளி நின்னுருப்பேன்பா" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனார். பெரியப்பா ஒன்றுமே நடக்காதது மாதிரி, செம்மண்ணில் உப்பு எவ்வளவு கலக்க வேண்டும் என்று விருந்தாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "பொண்ணு தைரியமாப் பேசுது" என்று உள்ளேயிருந்து கேட்ட மாப்பிள்ளையின் அம்மா மெச்சினாள். சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அக்காவுக்கு நாலு வயதில் கண் நோய் கண்டு, பார்வை திரும்புமோ திரும்பாதோ என்று இருந்தது எனக்குத் தெரியும். பெரியப்பா வேலைக்குப் போகாமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்ததும் தெரியும். அந்தப் பயம்தான் அவர் கையில் நாடாவைப் பிடித்து இரண்டு அடியைக் குறைத்தது. இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. பயந்தால் பயந்துகொள்ளட்டும். குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? தெரிந்தால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்துதானே மூடி வைத்தார்? கண்ணுக்குப் பயந்தது பாதி, காலுக்குப் பயந்தது பாதி. முதல் பாதியை எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவது பாதிக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யாணப் பந்தலை அந்தக் கோர்ட்டிலேயே போட்டார்கள். செருப்புக் கால் படாத தரையில் ஆட்கள் கடப்பாரையால் குழி பறித்து மூங்கில் நட்டார்கள். பெரியப்பாதான் எங்கெங்கே நட வேண்டும் என்று அளந்து கொடுத்தார். அக்கா மணையில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டாள், சிரம்பானுக்குப் போனாள். மட்டையை எடுத்துப் போகவில்லை. நான் பார்த்த வரையில் அதற்குப் பிறகு அவள் எந்தக் கோர்ட்டிலும் இறங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பெரியப்பா குழிகளையெல்லாம் செம்மண் போட்டு மூடி, உருளை இழுத்து, மெழுகி, புதுக் கோடு போட்டு முடித்திருந்தார். வலையையும் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அக்காவின் மட்டை அவர் கையில் இருந்தது. புது நரம்பு போட்டு வாங்கி வந்திருந்தார்.

"வாம்மா, இனிமே நீ ஆடு. ஒனக்கும் வயசு இருக்குல்ல? நல்லா வருவே."

நான் மட்டையை வாங்கிக்கொண்டு கடைசிக் கோட்டருகே போய் நின்றேன்.

"மொதல்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கூட்டிப் போடுங்க பெரியப்பா. அப்புறம் ஆடறேன்."

அவர் என் பக்கத்தில் வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் சாணி வாசனை, சுண்ணாம்பு வாசனை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அது மட்டும் கேக்காதம்மா. ஒனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு."